காப்புக் கட்டிய டி.வி.

பொருநையாற்றின் தென்கரையில், மேற்கே பெருமாளும் வடக்கே வடக்குவாசல்செல்வி அம்மனும் இருந்து காத்துவரும் செவ்வந்திப்பேரியில், வாழைக்காய் மண்டி நடத்திய குழைக்காதர் வீட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களுடைய வேனிலோ எட்டுப் பேர்தாம் அமரலாம். பின்னால் நடந்தவை அனைத்தும் இந்த ஒரு கணக்கிலிருந்தே முளைத்தன என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள்; அப்படிச் சொல்லும்போது எவரும் குரலைத் தாழ்த்துவதில்லை, கண்ணை அகல விரிப்பதுமில்லை; போன வருடம் மழை முன்னமே பெய்தது என்று சொல்லுவதைப்போலத்தான் சொல்லுவார்கள்.

குழைக்காதர் மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு திவ்ய தேசத்துக்குக் குடும்பத்தோடு போய்ப் பெருமாளைச் சேவித்து வரவேண்டும் என்னும் நியமம் உடையவர். அவரும், மனைவி திருமலையம்மாளும், மூத்த மகன் ஆதிநாதனும், வேனை ஓட்டும் இளைய மகன் வைத்தமாநிதியும், இளையவன் மனைவி குமுதவல்லியும், மகன்கள் இருவருடைய பிள்ளைகள் மூவருமாக எட்டுப் பேர் ஏறிக் கதவைச் சாத்திவிட்டால், வாசலில் நின்று கையசைப்பவள் எப்போதும் ஆதிநாதனின் மனைவி வல்லியாகவே இருந்தாள். மாலையில் விளக்கேற்ற ஒருவர் வேண்டும், பசுவுக்குத் தண்ணீர் காட்ட ஒருவர் வேண்டும், மண்டிக்கு லோடு வந்தால் சாவி கொடுக்க ஒருவர் வேண்டும். அவளை வீட்டில் இருக்கச் சொன்னவர் எவருமில்லை; வண்டியில் ஏறச் சொன்னவரும் எவருமில்லை. அவளும் அதற்காக வருந்தினாளில்லை. வீட்டிலேயே வாய் திறவாதவள் என்று பெயர் வாங்கிய வல்லி, வேன் எழுப்பிய புழுதி அடங்கியதும் கதவைத் தாழிடும் ஓசையில் ஒரு துள்ளல் இருந்ததைத் தெருவில் எவரும் செவிகொடுத்துக் கேட்டதில்லை. எட்டுப் பேரும் புறப்பட்ட பின்பு மீளும் வரையில் உள்ள பொழுதுதான் அவளுக்கே அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து.

அந்த வருடம் சித்திரையில் குழைக்காதருக்கு ஓர் ஆசை பிறந்தது. வழிநெடுகப் பிள்ளைகள் சண்டையிடுவதும், குமுதவல்லி கைப்பேசியிலேயே கண்ணாக இருப்பதும், வைத்தமாநிதி சினிமாப் பாட்டுப் போடுவதும் அவர் மனத்தை உறுத்தின. வேனின் கூரையில், எல்லாரும் நிமிர்ந்து பார்க்கும்படியாக ஒரு டி.வி.யைத் தொங்கவிட்டால், போகும்போது உபந்நியாசம் கேட்டுக்கொண்டே போகலாம் என்று அவர் சொன்னார். திரும்பி வரும்போது பொம்மைப்படம் என்று பிள்ளைகள் பேரம் பேசி முடித்தார்கள்.

டி.வி. மாட்ட டவுனிலிருந்து சூசைமிக்கேல் வந்தான். கார்களுக்கு அலங்காரச் சாமான் பூட்டும் கடை வைத்திருப்பவன். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். வேனின் உள்விளக்கைக் கழற்றி, உள்கூரைத் துணியைப் பக்குவமாகத் தளர்த்தி, கையை அதற்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது, குழைக்காதர் கதவருகில் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டார்.

"ஏடே, தொளை எங்ஙன போடப்போறே?"

"கூரையில ஐயா."

"உச்சியிலயா? மழை பெய்ஞ்சா உள்ள ஒழுகாதா?"

"உள்கூரையில இருக்க சட்டத்துலதான் ஐயா. வெளித்தகட்டைத் தொடவே மாட்டேன்."

"தொட்டுட்டா?"

"தொட்டுட்டா, நீங்க போற கோயிலுக்கெல்லாம் நானே கொடை பிடிச்சிக்கிட்டு வாரேன், போதுமா?"

"நீ வந்தா ஒன்பது பேரு ஆயிருமே, எடம் இல்லியேப்பா" என்றார் குழைக்காதர், மெய்யாகவே கவலைப்பட்டு.

கறுப்பு வயரை வண்டியின் உடம்போடு சேர்த்தான், அது எர்த்து. சிவப்பு வயரைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்தில் கொடுத்தான். மஞ்சள் வயரை, சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்சாரம் ஓயாத இடத்தில் கொடுத்தான். மூன்றையும் கதவுத் தூணின் ரப்பர் விளிம்புக்குள் பாம்பைப் புற்றுக்குள் அனுப்புவதுபோல அனுப்பி, கூரை வழியாக நடுவுக்குக் கொண்டுவந்தான். ஒரு கையால் டி.வி.யைத் தூக்கிப் பிடித்து மறுகையால் திருகாணியை முடுக்கிய பிறகுதான், மிச்ச வயர் கொத்தாகத் தொங்குவதும், அதை இழுத்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை தீர்ந்துபோனதும் அவனுக்குத் தெரிந்தது.

"யக்கா, ஒரு கயிறு இருந்தா குடுங்க. கையை எடுத்தா இந்த வயரு பூராவும் என் தலையில எறங்கிரும்."

அப்போது அம்மன் கோயிலிலிருந்து வல்லி வந்துகொண்டிருந்தாள். அன்று வடக்குவாசல்செல்விக்குக் கொடை விழாவின் காப்புக்கட்டு. மஞ்சளில் நனைத்த நூலை மணிக்கட்டில் கட்டிக்கொண்டவர், விழா முடிந்து அதை அவிழ்க்கும் வரையில் ஊர் எல்லையைத் தாண்டலாகாது என்பது முன்னோர் வைத்த முறை. நேர்ச்சை உள்ளவர்கள் கட்டிக்கொள்வார்கள். குழைக்காதர் வீட்டில் அவ்வருடம் யாருக்கும் நேர்ச்சையில்லை. ஆயினும் பூசாரி வழக்கம்போல் எல்லா வீட்டுக்கும் வேப்பிலையும் மஞ்சளும் ஒரு முழக் காப்புநூலும் தட்டில் வைத்துக் கொடுத்திருந்தார். சூசைமிக்கேல் கையை எடுக்க முடியாமல் நிற்பதைக் கண்ட வல்லி, தட்டிலிருந்த நூலை எடுத்து, வேனுக்குள் ஏறி, தொங்கிய வயர்க்கொத்தைத் தானே சேர்த்துப் பிடித்து மூன்று முடிச்சிட்டுக் கட்டினாள். பிறகு, வீட்டுக்கு வந்த புதுப்பொருள் ஆயிற்றே என்று டி.வி.யின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அவள் கை அறிந்ததை அவள் கை செய்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை எட்டுப் பேரும் திருவரங்கத்துக்குப் புறப்பட்டார்கள். ஊர் எல்லையான கால்வாய்ப் பாலத்தை வேன் கடந்த அந்த நொடியில், டி.வி.யில் உபந்நியாசம் செய்துகொண்டிருந்தவர் "ஆகவே" என்று கையை உயர்த்தியவர் உயர்த்தியபடியே மெல்ல மங்கினார். அவர் நின்ற இடத்தில் குழைக்காதர் வீட்டு அடுக்களை தெரிந்தது.

"நம்ம வீடு" என்றாள் திருமலையம்மாள். "வல்லி அடுப்பைத் தொடைக்கா."

"பால் பாத்திரத்தை மூடாம வச்சிருக்காங்க பாருங்க அத்தை" என்றாள் குமுதவல்லி.

அதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஆகவே" என்பதற்குப் பின்னால் என்ன வந்திருக்கும் என்பது மட்டும் குழைக்காதருக்குச் சிறிது தூரம் வரை குறையாக இருந்தது.

டி.வி.யில் வல்லி பால் பாத்திரத்தை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். கூடத்துக்கு வந்து, மாமனாரைத் தவிர எவரும் அமராத ஊஞ்சலில் அமர்ந்து, காலால் சுவரை உந்தி, மச்சுக்கட்டையை முட்டுமளவுக்கு ஆடினாள். ஆடி ஓய்ந்ததும் தனக்கென்று இரண்டு அப்பளம் பொரித்து, தட்டில் வைக்காமல், நின்றபடியே நொறுக்கித் தின்றாள். பிறகு துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வயிற்றை முன்தள்ளி, மூக்குக்கண்ணாடி இல்லாத மூக்கின்மேல் விரலை வைத்து, "பெருமாள் பாத்துக்கிடுவாரு, ஆனாலும் நீங்களும் ஒரு கண்ணு வச்சுக்கிடுங்க" என்றாள், குழைக்காதரின் குரலிலேயே.

வேனுக்குள் எல்லாரும் குழைக்காதரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு திருமலையம்மாள் சிரித்தாள். மணமாகி வந்த நாளிலிருந்து கணவர்முன் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. ஆனால் அடுத்த கணமே டி.வி.யில் வல்லி இடுப்பில் கைவைத்து, இல்லாத பானைகளின் மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, "உப்புப் பத்தாது. ருசி பாக்கணும்னு இல்ல, மணத்துலயே தெரியுதே" என்றாள். திருமலையம்மாளின் சிரிப்பு நின்றது. குழைக்காதரின் சிரிப்பு தொடங்கிற்று.

அவரவர் முறை அவரவருக்கு வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணாடியில் தலைசீவும் வைத்தமாநிதி வந்தான். தாய்வீட்டுக்குப் பேசும்போது "ஒரு விசேஷமும் இல்லம்மா" என்று தொடங்கி, மண்டிக்கு வந்த லாரியின் நம்பர் வரைக்கும் சொல்லி முடிக்கும் குமுதவல்லி வந்தாள். கடைசியில், நெற்றியில் ஏற்றிவைத்த கண்ணாடியை வீடெல்லாம் தேடி, "வல்லி… வல்லி…" என்று கூப்பிட்டு, அவள் வந்து நின்றதும் "ஒண்ணுமில்ல" என்று திரும்பிப் போகும் ஆதிநாதன் வந்தார்.

"அண்ணனை அச்சா எறக்கிட்டாவ மதினி!" என்று வைத்தமாநிதி வண்டியை ஓரங்கட்டி நிறுத்திச் சிரித்தான்.

ஆதிநாதன் சிரிக்கவில்லை, நிமிர்ந்தவர் நிமிர்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடமாகத் தம்மோடு வாழ்ந்தவளுடைய வாயில் இத்தனை குரல்கள் இருந்ததை அவர் அன்றுதான் அறிந்தார். திருவரங்கத்தில் எல்லாரும் இறங்கியபோது முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி அவர் வேனிலேயே இருந்துகொண்டார். பெருமாளைச் சேவித்துத் திரும்பிய குழைக்காதர், மகன் அண்ணாந்து டி.வி.யைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "அங்க பள்ளிகொண்டிருக்கிறவரை விட்டுட்டு, வீட்டுல ஊஞ்சலாடுதவளைச் சேவிக்கியாக்கும்" என்று சொல்லித் துளசியை அவர் கையில் வைத்தார்.

வீடு திரும்பியபோது வல்லி பழைய வல்லியாகவே கதவைத் திறந்தாள். "சரி" என்றாள், "ம்" என்றாள். எட்டுப் பேரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த மாதம் அவள் நடிக்காமல் போய்விடுவாளே என்னும் கவலைதான் காரணம். ஆனால் அவள் மனம் நோகுமே என்று நினைத்துத்தான் சொல்லவில்லை என அவரவரும் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்கள்.

அவளிடம் சொல்லாததை ஊரெல்லாம் சொன்னார்கள். கொடை முடிந்து காப்பு அவிழ்த்த பூசாரி, வேனைச் சுற்றிவந்து, வயரில் கட்டியிருந்த நூலைப் பார்த்துத் தலையசைத்தார். "காப்புக் கட்டுனது எல்லை தாண்டாதுவே. உடம்பு தாண்டிட்டு, கண்ணு ஊர்லயே நின்னுட்டு. அவிழ்க்கிற நாளும் போயிட்டு. இனி அடுத்த கொடைக்குத்தான் அவிழ்க்கணும். அதுவும் கட்டுன கைதான் அவிழ்க்கணும்." சூசைமிக்கேல் வந்து டெஸ்டரை வைத்து ஒவ்வொரு வயராகச் சோதித்தான். "வயரிங்ல குத்தமில்ல ஐயா. வேணும்னா வேற டி.வி. மாத்தித் தாரேன்" என்றான். மாற்றிக்கொள்ள ஒருவரும் இசையவில்லை.

வேனில் எந்தக் குடும்பம் ஏறுகிறதோ அந்தக் குடும்பத்தின் வீட்டில் இருப்பவரையே டி.வி. காட்டும் என்பது விரைவில் தெளிவாயிற்று. அதன்பின் கல்யாணம், காதுகுத்து, மருத்துவமனை எதுவானாலும் எங்கள் ஊரார் குழைக்காதர் வேனையே கேட்டு வாங்கினார்கள். ஏகாதசிதோறும் துளசித் தீர்த்தம் தவிர வேறொன்றும் தொண்டையில் இறங்காது என்று சொல்லிவந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மனைவி மக்கள் பாலம் தாண்டிய பொழுதில் உளுந்தவடையைச் சட்னியில் முக்கியது தெரிந்தது. அன்று முதல் அவர் ஏகாதசிக்குத் தாமே வேனில் முதல் ஆளாக ஏறிக்கொண்டார். கீழத்தெரு வெயிலுகந்தான் குடும்பம் பசுவை மட்டும் விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்டது. அந்தப் பசு ஒவ்வொரு சன்னலாக வந்து உள்ளே எட்டிப்பார்த்து நிற்பதை டி.வி.யில் கண்டு, முகூர்த்தத்தையும் விருந்தையும் விட்டுவிட்டுப் பாலத்திலேயே வண்டியைத் திருப்பச் சொல்லி அழுதார்கள். ஒரு வீட்டார் ஒருவரையும் வைக்காமல் எல்லாருமாகப் போனபோது, டி.வி. அவர்களுடைய வெறுங்கூடத்தை மட்டும் காட்டியது. குழாய் சொட்டுவதும், நாள்காட்டியின் தாள் காற்றில் எழுந்து அடங்குவதும் அன்றி வேறொன்றுமில்லை. அதைப் பார்த்துப் பார்த்து இருப்புக் கொள்ளாமல், அவர்கள் குலதெய்வத்துக்குப் பொங்கலிடாமலே திரும்பிவிட்டார்கள்.

நாளடைவில் வீட்டில் இருப்பவர்களும் விவரம் அறிந்துகொண்டார்கள். வேன் புறப்பட்டதும் பட்டுச்சேலை உடுத்திப் பூவைத்துக்கொண்டு காய் நறுக்கினார்கள். மருமகளோடு பேச்சில்லாத ஒரு மாமியார், அவள் போன மூன்று நாளும் கட்டிலை விட்டு எழாமல் முனகிக்கொண்டே கிடந்தாள். பால்காரர் வந்தபோது மட்டும் எழுந்து துள்ளலாக நடந்து பால் வாங்கிவிட்டு, மீண்டும் படுத்து முனகினாள். எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். பார்க்கப்படுவதும் காற்றைப்போல வெயிலைப்போல ஆகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் இது தெரியாதவளாக ஊரில் வல்லி ஒருத்திதான் இருந்தாள். அவள் ஒவ்வொரு மாதமும் கதவைத் தாழிட்டாள், ஊஞ்சலாடினாள், புதிது புதிதாகக் குரல்களைப் பிறப்பித்தாள். தலைமையாசிரியரும் பூசாரியும்கூட அவள் வாயிலிருந்து புறப்பட்டு வந்தார்கள். அந்த நாள்களில் குழைக்காதர் வேனில் ஓர் இருக்கைக்காகப் பக்கத்து வீட்டார் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டாவது வருகிறோம் என்று கெஞ்சினார்கள்.

அவளிடம் அதை உடைத்தவள் பூக்காரி ஆறுமுகத்தாய். ஆடி வெள்ளியன்று பூவை முழம்போட்டுக்கொண்டே, "ஏன் மதினி, முந்தாநாளு அப்பளம் ரெண்டா, மூணா? எங்க வீட்டுல பந்தயம் கட்டிருக்கோம்" என்றாள்.

வல்லி பூவை வாங்கவில்லை.

"என்ன சொல்லுதே?"

"அதான், உங்க வேன் டி.வி.யில… ஐயோ, உங்களுக்குத் தெரியாதா?" ஆறுமுகத்தாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "என்னை ஒரு தடவை நடிச்சிக் காட்டுங்களேன். எல்லாரையும் காட்டிட்டீய, என்னைத்தான் விட்டுட்டீய."

அடுத்த மாதம் எட்டுப் பேரும் அழகர்மலைக்குப் புறப்பட்டார்கள். பாலம் தாண்டியதும் எல்லாரும் வசதியாகச் சாய்ந்துகொண்டு நிமிர்ந்தார்கள். டி.வி.யில் வல்லி கூடத்துச் சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டி, தலையில் முக்காடிட்டு அமர்ந்திருந்தாள். கோவில்பட்டி வரையில் அப்படியே இருந்தாள். மதுரை வரையில் அப்படியே இருந்தாள். அவர்கள் திரும்பும்போது, மாலையில் விளக்கேற்ற எழுந்தாள், ஏற்றிவிட்டு மீண்டும் அதே சுவரின்முன் வந்து அமர்ந்தாள். ஊஞ்சல் ஆடவில்லை. அடுப்பு எரியவில்லை. பிள்ளைகள் முதலில் சிணுங்கினார்கள், பிறகு உறங்கிப்போனார்கள். குழைக்காதர் மட்டும் அன்று சன்னல்பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அந்த முதுகைப் பார்க்க அவரால் இயலவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஆதிநாதன் அறியாமல் வாயைவிட்டார்.

"ஏட்டி, இன்னைக்கு ஒரு அப்பளம்கூடப் பொரிக்கலியே நீ."

பரிமாறிக்கொண்டிருந்த வல்லி கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த வீட்டில் அவள் சேர்ந்தாற்போல் பேசியது அன்றுதான்.

"பெருமாளும்தான் எல்லாத்தையும் பாக்காரு. நான் ஆடுததையும் பாக்காரு, திங்கதையும் பாக்காரு. பாத்ததை அவரு யார்கிட்டயாவது போய்ச் சொல்லிச் சிரிச்சிருக்காரா? நீங்க பூக்காரி வரைக்கும் சொல்லிருக்கீய. இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு சேலைப்பெட்டிகூடப் பூட்டுனது கெடையாது. நீங்க எல்லாரும் போன பொறவு இருக்க பொழுது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துது. அதையும் கூரையில தொங்கவிட்டுட்டீய."

யாரும் சோற்றில் கைவைக்கவில்லை. திருமலையம்மாள்தான் முதலில் பேசினாள்.

"ஏளா, இனி நீயும் கூட வா. பிள்ளையள்ல ஒண்ணை நான் மடியில வச்சுக்கிடுதேன்."

"பெரிய வண்டியாவே மாத்திருவோம் மதினி" என்றான் வைத்தமாநிதி.

"நான் வாரேன்னு கேட்டேனா?" என்றாள் வல்லி. பிறகு, கணவரை நேராகப் பார்த்தாள். "சரி, ஒரு தடவை வாரேன். இவுங்க வீட்டுல இருக்கட்டும். பாக்கது எப்படி இருக்குன்னு நானும் தெரிஞ்சுக்கிடுதேன்."

ஆதிநாதன் தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கேன்" என்றார்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை, திருக்கோட்டியூருக்கு வேன் புறப்பட்டது. வாசலில் நின்று கையசைத்தவர் ஆதிநாதன். பசுவுக்கு எப்போது தண்ணீர் காட்டவேண்டும் என்பதைக் கடைசிவரை கேட்டுக்கொண்டே நின்றார். வல்லி, டி.வி.க்கு நேர்கீழே உள்ள இருக்கையில், கணவர் வழக்கமாக அமரும் இடத்தில் அமர்ந்தாள். ஊரே அன்று பாலத்தருகில் வந்து நின்றது, ஆறுமுகத்தாய் சன்னல் வழியாக ஒரு முழம் மல்லிகையை உள்ளே எறிந்து, "நல்லா பாத்துட்டு வந்து சொல்லுங்க மதினி!" என்று கூவினாள்.

பாலம் கடந்தது. டி.வி.யில் வீடு வந்தது.

ஆதிநாதன் அடுக்களை நடுவில் நின்றுகொண்டிருந்தார். தீப்பெட்டியைத் தேடினார், கண்முன் இருந்ததைக் காணாமல் அலமாரிகளைத் திறந்தார். "வல்லி…" என்று கூப்பிட்டார். பிறகு தாமே, "ஒண்ணுமில்ல" என்றார். வேன் அதிரச் சிரித்தார்கள், வல்லியும் சிரித்தாள். ஒருவழியாக அடுப்பைப் பற்றவைத்து, அப்பளத்தை எண்ணெயில் இட்டு, கரிந்த பின்பு எடுத்து, ஊதி ஊதித் தின்றார். காலையிலேயே பசுவுக்கு விளக்கேற்றிவிட்டுப் பெருமாளுக்குத் தண்ணீர் காட்டுவார்போல் இருக்கிறதே என்று குழைக்காதர் சொல்ல, திருமலையம்மாளுக்குப் புரையேறிவிட்டது. ஆதிநாதன் ஊஞ்சலில் அமர்ந்தார், காலால் உந்தினார், ஊஞ்சல் கோணலாகப் போய்ச் சுவரில் இடித்தது.

"பெரியப்பா அடுத்து என்ன செய்யப்போறாங்க? பெரியம்மா மாதிரி நடிப்பாங்களா?" என்று குமுதவல்லியின் மகள் இருக்கையின்மேல் ஏறி நின்றாள்.

ஆதிநாதன் ஊஞ்சலிலிருந்து எழுந்தார். கண்ணாடியைக் கழற்றி மாடத்தில் வைத்தார். தெருப்பக்கத்துச் சன்னலைச் சாத்தினார். தோட்டத்துப் பக்கத்துச் சன்னலைச் சாத்தினார். பின்கதவைத் தாழிட்டு, தாழ் விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தார். டி.வி. தம்மைக் காட்டிக்கொண்டிருப்பதை அறிந்தவர்தாம் அவர்; ஆயினும் ஆளில்லாத வீடு அவரை மறக்கச் செய்துவிட்டது. கூடத்தின் நடுவுக்கு வந்து, துண்டை இடுப்பில் இறுகக் கட்டி, கண்களை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தினார்.

வல்லி கையை நீட்டி டி.வி.யை மடக்கிக் கூரையோடு சேர்த்துச் சாத்தினாள்.

"பெரியம்மா!" என்று பிள்ளைகள் மூவரும் ஒரே குரலில் அலறினார்கள். அவர்களில் ஒருவன் தன் சொந்த மகன் என்பதையும், அம்மா என்று கூப்பிட வேண்டியவன் சேர்ந்திசையில் பெரியம்மா என்கிறான் என்பதையும் அவள் பொருட்படுத்தவில்லை.

"என்ன மதினி, நல்ல கட்டத்துல…" என்று வைத்தமாநிதி கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

"அவுங்க சன்னலைச் சாத்திட்டாங்க" என்றாள் வல்லி.

"அதுக்கென்ன?"

"சாத்துன பொறவு பாக்கக்கூடாது."

"நாங்க எல்லாரும் உங்களைப் பாத்தோம்தானே அக்கா?" என்று குமுதவல்லி மெல்லக் கேட்டாள். "அண்ணனும்தானே பாத்தாங்க? இன்னைக்கு உங்க முறைதானே?"

"ஆமா. என் முறைதான். அதான் மூடினேன்."

பிள்ளை ஒன்று எட்டி டி.வி.யின் விளிம்பைத் தொட்டது. அதன் கையைக் குழைக்காதர் பிடித்து இறக்கினார். "கோயில்ல பெருமாள் தளிகை அமுது செய்யுத நேரத்துக்குப் பட்டர் என்ன செய்வாரு? துணியை இழுத்து விட்டுருவாருல்லா? அந்நேரத்துக்கு எட்டிப் பாப்போமா? வெளியே நின்னு சும்மா காத்திருப்போம். அப்படி வச்சுக்கோங்க" என்றார். சொல்லிவிட்டு மருமகளைப் பார்த்தார். "நான்லாம் இத்தனை மாசம் பாத்துட்டேன் தாயி."

வல்லி "ம்" என்றாள். அந்த "ம்" முன்னைய "ம்"களைப் போலன்று என்பதைக் குழைக்காதர் உணர்ந்து, உள்ளே கரைந்தவராய்ச் சன்னல்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூடிய டி.வி.யிலிருந்து சிறிது நேரம், பாட்டென்றும் அழுகையென்றும் பிரித்தறிய முடியாத ஓர் ஒலி வந்தது. வைத்தமாநிதி, யாரும் சொல்லாமலே, ஒலியைக் குறைத்துவிட்டு வண்டியை ஓட்டினான். திருக்கோட்டியூரில் வல்லி பெருமாளைச் சேவித்தாள்; படியேறி விமானத்தைப் பார்த்தாள்; கீழே ஊர் முழுவதும் சிறிதாக, எவர் வீட்டுக் கூடமும் தெரியாமல், ஓட்டுக் கூரைகளாக மட்டும் தெரிவதைக் கண்டு நெடுநேரம் நின்றாள். இறங்கி வந்து, பிரசாதக் கடையில் கணவருக்கென்று தனியாக ஒரு பொட்டலம் புளியோதரை வாங்கிக்கொண்டாள்.

பாலத்தில் ஆறுமுகத்தாயும் தலைமையாசிரியரும் மற்றவர்களும் அவர்கள் வரும்வரை காத்திருந்தார்கள். வேன் நிற்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து, வேனைக் கேட்டு வந்த ஒவ்வொருவருக்கும் குழைக்காதர் டி.வி.யை மடக்கிய நிலையிலேயே கொடுத்தார். வீட்டில் இருப்பவர் தாமே வாசலில் வந்து, "தெறந்து பாருங்க, நான் சும்மாதான் இருப்பேன்" என்று சொன்னால் மட்டும் திறக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. அந்த வெயிலுகந்தான் வீட்டுப் பசுவுக்காக மட்டும் ஒரு விலக்குக் கொடுத்தார்கள்.

திருக்கோட்டியூரிலிருந்து திரும்பிய அன்று மாலை வேன் வீட்டு முன் வந்து நின்றபோது, சன்னல்கள் திறந்திருந்தன, விளக்கு ஏற்றப்பட்டிருந்தது, பசுவின் முன் தேவைக்கு மேல் தண்ணீர் இருந்தது. ஆதிநாதன் கதவைத் திறந்தார். அவர் முகத்தில் ஒரு களைப்பும், குளித்து முடித்தவருடையதுபோல ஒரு தெளிவும் இருந்தன. எல்லாரும் அவரைக் கடந்து உள்ளே போய்விட்டார்கள். குழைக்காதர்கூட மகனை ஒன்றும் கேட்கவில்லை. வல்லி மட்டும் வாசலில் நின்று, புளியோதரைப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"சேவை எப்படி?" என்று கேட்டார் அவர்.

"நல்லா இருந்துது" என்றாள் வல்லி. "உங்களுக்கு?"

ஆதிநாதன் ஒரு நொடி அவளையே பார்த்தார், சன்னலைச் சாத்திய பிறகு நடந்ததை அவள் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டார்.

"எனக்கும்தான்" என்றார்.